ஆயா சலேத்தம்மாள் கொடுத்த நெருப்பு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி முத்துலிங்கம் அவர்களே, தலவாக்கலையிலிருந்து குடையும் பயனில்லாத மழையில் வந்து சேர்ந்திருக்கும் இஞ்ஞாசி சுவாமியார் அவர்களே, வட்டகொடையில் தம் கடையைப் பகலிலேயே அடைத்துவிட்டு வந்திருக்கும் மீராசாஹிப் முதலாளி அவர்களே, பெஞ்சு போதாமல் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, உள்ளே வராமல் வெளியே தாவாரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்களே, உங்கள் அனைவருக்கும் சங்குமலைத் தோட்டக் கமிட்டித் தலைவன் வீரய்யாவின் வணக்கம்.

கூட்டம் என்றால் என் தொண்டை தானாகவே திறந்துகொள்ளும் என்று முத்துலிங்கம் அவர்கள் கேலி செய்வார். இன்று திறக்கவில்லை. எழுதிக்கொண்டு வந்த தாளும் சட்டைப் பையிலேயே நனைந்து கூழாகிவிட்டது. ஆகவே மனதில் இருப்பதைச் சொல்கிறேன். முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு நாட்களுக்கு முன்பு நாம் யாரை அடக்கம் செய்தோம்? ஒரு மந்திரியையா? ஒரு பெரிய கங்காணியையா? மாலை மரியாதையோடு ஊர்வலம் போன ஒரு தலைவரையா? இல்லை. நாம் கூடியிருக்கும் இந்தப் பிள்ளைக்காம்பராவில் பத்தொன்பது வருஷம் ஆயாவாக வேலை செய்த சலேத்தம்மாள் அவர்களை அடக்கம் செய்தோம். ஒரு ஆயாவுக்கு இரங்கல் கூட்டமா, மேடையா என்று ஆபிஸில் ஒருவர் கேட்டாராம். அவருக்கு நான் ஒன்று சொல்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் பாதிப் பேர் தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாகக் குடித்தது இந்த அம்மையார் காய்ச்சிய பாலைத்தான். அண்ணாந்து பாருங்கள். நமக்கு இடம் வேண்டும் என்பதற்காக உத்திரத்தில் சுருட்டிக் கட்டியிருக்கிறோமே, அந்தச் சேலை ஏணைகளில் தொங்கி வளர்ந்தவர்கள்தான் இன்று எனக்கு எதிராகவே கமிட்டித் தேர்தலில் நிற்கிறார்கள். அதற்கும் ஆயாதான் பொறுப்பு.

மலையில் இருபத்து மூன்று தாய்மார் குனிந்து கொழுந்து எடுக்கும்போது, இங்கே இருபத்து மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழும். அதில் எந்த அழுகை பசி, எந்த அழுகை வயிற்றுவலி, எந்த அழுகை வெறும் சேட்டை என்று அவர் அடுப்படியில் இருந்தபடியே சொல்வார். "அது மீனம்மா மவன். சும்மா கத்துறான். கொஞ்ச நேரம் கத்தட்டும்" என்பார். சொன்னது சரியாகவே இருக்கும்.

அந்த அடுப்பைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். இதோ, என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வேலைக்குப் பெயர் கொடுக்கக் காலையில் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்பே எரியத் தொடங்கி, பொழுது சாய்ந்த பிறகு சாம்பலுக்குள் தணலாக மூடிக் கிடக்கும் அடுப்பு. ஆனி ஆடி மழையில் நம் லயத்து வீடுகள் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விறகு ஈரம், சுவர் ஈரம், போட்டிருக்கும் கம்பளி ஈரம். மீராசாஹிப் முதலாளி கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் கடைத் தீப்பெட்டியும் ஈரம். அந்த இரண்டு மாதமும் சங்குமலையில் நான்கு லயத்துக்கும் நெருப்புப் போவது இந்த ஒரு அடுப்பிலிருந்துதான். பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டுத் தகரத்திலோ டின்னிலோ நாலு தணலை அள்ளிப் போய் அவரவர் வீட்டு அடுப்பை மூட்டுவது இந்தத் தோட்டத்தின் வழக்கம். என் வீட்டு அடுப்பும் அப்படித்தான் எரிந்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷத்துக்கு வருகிறேன். சம்பளப் போராட்டத்துக்கு நாம் தயாராகிக்கொண்டிருந்த சமயம். ஒருநாள் காலையில் கீழ்ப் பிரிவு நாற்று மேடையில் நானூறு தேயிலைக் கன்றுகள் பிடுங்கி எறியப்பட்டுக் கிடந்தன. சங்கத்துக்காரன் செய்த நாசவேலை என்று துரை அப்போதே தீர்மானித்துவிட்டார். அவருக்கு ஒரு பெயர் மட்டும் தேவைப்பட்டது. அந்த மலையின் பொறுப்பில் இருந்த சில்லறைக் கங்காணி மாயாண்டியைக் கூப்பிட்டு, பெயரைச் சொல்கிறாயா, கங்காணி வேலையை விடுகிறாயா என்று கேட்டார். மாயாண்டி ஒரு பெயரைச் சொன்னார். அருளப்பன். சலேத்தம்மாளின் ஒரே மகன். வயது இருபத்திரண்டு. என் சிநேகிதன்.

விடியற்காலையில் அருளப்பன் அந்தப் பக்கம் போனதை மாயாண்டி பார்த்தது உண்மை. கையில் மண்வெட்டி இல்லை. ஆனால் வழக்கு மன்றத்தில், மண்வெட்டியும் கையுமாகப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னார். ஆறு மாதச் சிறை. அவன் சிறையில் இருந்தபோதே அதே நாற்று மேடை இன்னொரு முறை நாசமானது. இந்தத் தடவை ஈர மண்ணில் காட்டுப்பன்றியின் குளம்புத் தடம் அச்சு அச்சாக இருந்தது. ஊரே பார்த்தது. துரையும் பார்த்தார். பார்த்துவிட்டு வேலி போடச் சொன்னார், அவ்வளவுதான். அருளப்பன் நெஞ்சுச் சளியோடு திரும்பி வந்தான். நான்காம் மாதம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான்தான் நடத்தினேன். மாரியம்மன் கோவில் முன்றிலில் ஊரைக் கூட்டினேன். என்ன பேச்சு பேசினேன் தெரியுமா? இன்று நினைத்தாலும் எனக்கே கூசுகிறது. நியாயம் செத்துவிட்டது, நாமே நியாயம் வழங்குவோம் என்றேன். கைதட்டினார்கள். வடக்கு லயத்து மாயாண்டி வீட்டோடு தண்ணீரும் நெருப்பும் விலக்கு என்று தீர்மானம் போட்டேன். எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் அவர்கள் பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். யாரும் அவர்களுக்கு நெருப்புக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், கொடுத்தவர் வீட்டோடும் அதே விலக்கு. கை உயர்த்தச் சொன்னேன். ஒரு கை விடாமல் உயர்ந்தது.

ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒருவர் வந்திருக்கவில்லை. பெற்ற மகனைப் பறிகொடுத்தவர் வரவில்லை. நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நல்ல சேதியை நாமே கொண்டுபோய்ச் சொல்வோம் என்று மறுநாள் இந்தப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தேன். அவர் பால் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஊரே ஒங்க பக்கம் நிக்குது. மாயாண்டி வீட்டுக்கு இனிமே நெருப்பு இல்ல. வேலாயி வந்து கேட்டா குடுத்துறாதீங்க" என்றேன்.

அவர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. "யாருக்காக தம்பி இந்தத் தண்டன?" என்றார்.

"அருளுக்காகத்தான்."

"அருளுக்காகன்னா, யார் யாருக்குத் தண்டன?"

"மாயாண்டிக்குத்தான். வேற யாருக்கு?"

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "சரி தம்பி, பால் ஆறுது" என்று குனிந்துகொண்டார். துக்கத்தில் இருக்கிறார், அதனால்தான் இப்படிப் பேசுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியேறினேன். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு விளங்க ஏழு வருஷம் ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று நாள் வடக்கு லயத்துக் கடைசிக் காம்பராவின் கூரையில் புகை இல்லை. நான் தினமும் வண்டி போகும் கரத்த ரோட்டில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி, புகையில்லாத அந்தக் கூரையைப் பார்த்துத் திருப்திப்படுவேன். மாயாண்டியின் மனைவி வேலாயி பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்துக் குடிக்கிறார் என்று சொன்னார்கள். சொன்னவர்கள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

நான்காம் நாள் காலையில் புகை வந்தது.

யார் கொடுத்தது? எனக்கு ஆவேசம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஊரைக் கூட்டினேன். கொடுத்தவர் யாராக இருந்தாலும் எழுந்து நிற்க வேண்டும் என்றேன். அன்று சலேத்தம்மாள் வந்திருந்தார். பூசை முடிந்து அப்படியே வந்தவர், கையில் ஜெபமாலையோடு பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார்.

"நாந்தான் குடுத்தேன். வேலாயி கேக்கக்கூட இல்ல. நானே ஒரு பால்மா டின்னுல தணல் போட்டு, மேல சாம்பலப் போட்டு, புள்ளக்காம்பரா படியில வச்சேன். எடுத்துக்கிட்டுப் போச்சு" என்றார்.

என் தீர்மானம் என் தலையிலேயே வந்து உட்கார்ந்தது. கொடுத்தவர் வீட்டோடும் விலக்கு என்று போட்டவன் நான். ஆக, இனிமேல் சலேத்தம்மாளிடம் யாரும் நெருப்பு வாங்கக் கூடாது. அப்போதுதான் மீனம்மா எழுந்து கேட்டார். அவரும் இங்கே இருக்கிறார், சரியா என்று அவரே சொல்லட்டும்.

"தலைவரே, ஆயாம்மாகிட்ட நெருப்பு வாங்கக் கூடாதுன்னா, ஆயாம்மா காச்சுற பாலையும் குடிக்கக் கூடாதுல்ல? அப்ப நாளைக்குப் பெரட்டுக்குப் போறப்ப எம்புள்ளைய எங்க போடுறது? ஒங்க வீட்லயா?"

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தார்கள். உலகத்தில் வேறு எந்த முட்டாளாவது இப்படி ஒரு சட்டம் போட்டிருப்பானா? ஒரு தோட்டத்துக்கே நெருப்புக் கொடுக்கிற அடுப்பு யாருடையதோ, அந்த அம்மையாரின் பெயரைச் சொல்லியே நெருப்பு விலக்குப் போட்டவன் நான். விலக்கு அந்த நிமிடமே செத்தது. அதை நீக்குவதாக யாரும் தீர்மானம்கூடப் போடவில்லை. கூட்டம் கலைந்து அவரவர் சோறாக்கப் போய்விட்டார்கள்.

எனக்கு மட்டும் அவமானம். அவர் பின்னாலேயே இந்தக் கட்டடம் வரை நடந்து வந்தேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். ஒங்களுக்கு வயிறு எரியலையா, பெத்த தாய்தானே நீங்க என்றுகூடக் கேட்டுவிட்டேன். அன்று அவர் சொன்னதை நான் மேடையில் சொல்வது இதுதான் முதல் தடவை. சுவாமியார் அவர்கள் இதைவிட அழகாக வேதத்திலிருந்து சொல்வார்கள். நான் அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"எரியுது தம்பி. அந்தாளு கை அழுகிப் போகணும்னு எத்தன நாள் சொல்லியிருக்கேன் தெரியுமா? சாமியார்கிட்ட அதையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். ஆனா ஒன்னு. மலையில கங்காணி நெரை பிரிச்சுக் குடுக்குறாரு. எனக்கு இந்த நெரை, பக்கத்துல நிக்கிறவளுக்கு அந்த நெரை. அவ நெரையில போய் நான் கொழுந்து எடுக்கலாமா? எடுத்தா சும்மா விடுவாளா? பழி தீக்குறது சர்வேசுரனோட நெரை. எனக்குன்னு குடுத்துருக்கிறது இந்த அடுப்பு. நான் என் நெரைய விட்டுட்டு அவரு நெரையில கைய வச்சா, ரெண்டும் கெட்டுப் போகும்."

நான் விடவில்லை. "அவரு ஒன்னும் செய்யாம விட்டுட்டா?" என்று கேட்டேன்.

"செய்யிறதும் விடுறதும் அவரு இஷ்டம். எனக்கு நாளைக்குக் காலம்பற இருபத்தி மூணு புள்ளைக்குப் பால் காச்சணும்."

"அப்ப மாயாண்டிய மன்னிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல" என்றார். "மன்னிச்சு முடிச்ச பொறகுதான் நெருப்புக் குடுக்கணும்னா, அதுக்குள்ள அந்த வீட்ல எல்லாம் பட்டினியில செத்துருவாங்க. நெருப்ப இன்னைக்குக் குடுத்துரலாம். மத்தது வர்றப்ப வரட்டும்."

நான் வேதக்காரன் இல்லை. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறவன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எத்தனையோ மேடையில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. பிற்பாடு ஒரு பூசையில் சுவாமியார் அவர்கள், பகையாளிக்கு நன்மை செய்வது அவன் தலையில் தணலைக் கொட்டுவது போல என்று வேதத்தில் இருப்பதைச் சொல்லிப் பிரசங்கம் செய்தாராம். எனக்கு அது பிடித்துப்போய், பார்த்தீங்களா அக்கா, வேதத்துலயே கொட்டச் சொல்லியிருக்கு என்று சீண்டினேன். "தலையில கொட்டுறதா? நான் சாம்பலப் போட்டு மூடியில்ல குடுக்குறேன், கை சுட்டுறக் கூடாதுன்னு" என்றார். சுவாமியாரும் சிரிக்கிறார்.

அந்த டின் அன்றோடு நிற்கவில்லை. மழைக்காலம் முடிந்த பிறகும், எல்லா வீட்டிலும் தீப்பெட்டி காய்ந்து நன்றாகப் பற்றிய நாட்களிலும், தினமும் காலையில் அந்தப் படியில் இருக்கும். ஏன்? விலக்கை ஊர் எடுத்துவிட்டதே தவிர, அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. நல்லது கெட்டதற்கு யாரும் கூப்பிடவில்லை. அந்த வீட்டுக்கும் இந்தத் தோட்டத்துக்கும் நடுவில் போய்வந்தது அந்த டின் ஒன்றுதான். அதை அவர் அறிந்திருந்தார்.

இரண்டு வருஷம் வேலாயி வந்து எடுத்துப் போனார். பிறகு அவருக்கு முடக்குவாதம் வந்து படுத்துவிட்டார். மறுநாள் காலையில் மாயாண்டியே வந்தார். சும்மா வரவில்லை. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து காய்ந்த தேயிலை மிளாறு ஒரு கட்டுத் தலையில் சுமந்து வந்து இந்த அடுப்பருகே இறக்கி வைத்தார். டின்னை எடுத்தார், போனார். மறுநாளும் ஒரு கட்டு. அதற்கு மறுநாளும் ஒரு கட்டு. கங்காணி வேலையிலிருந்து ஓய்ந்த பிறகும் ஒரு நாள் தவறவில்லை. நம் பிள்ளைகள் குடித்த பால் கடந்த ஆறு வருஷமாக யார் கொண்டுவந்த விறகில் காய்ந்தது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சொல்லவில்லை.

ஒருநாள் மாயாண்டி இந்த அடுப்படியில் உட்கார்ந்து, நான் சொன்னது பொய்ச் சாட்சி என்று அழுதாராம். சலேத்தம்மாள் அதை எனக்கு ஒரே வரியில் சொன்னார். "சொன்னாரு, கேட்டுக்கிட்டேன், ஒரு வா தேத்தண்ணி குடுத்தேன்" என்றார். மன்னித்துவிட்டீர்களா என்று நான் திரும்பக் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது கேட்கத் தேவை இருக்கவில்லை.

தோழர்களே, தாய்மார்களே, இத்தோடு முடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். நல்ல பேச்சு என்பீர்கள். ஆனால் அது நேர்மையான பேச்சாக இருக்காது. இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன் என்று நேற்று அவர் கல்லறையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அருளப்பன் அன்று விடியற்காலையில் நாற்று மேடைப் பக்கம் ஏன் போனான்?

நான் அனுப்பிப் போனான். போராட்டத் துண்டுப்பிரசுரக் கட்டைக் கீழ்ப் பிரிவுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ரோட்டால் போகாதே, நாற்று மேடைக் குறுக்குப் பாதையால் போ என்று சொன்னவனும் நான்தான். வழக்கு நடந்த அன்று நான் மன்றத்தில் இருந்தேன். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய், ஐயா, இவனை அனுப்பியது நான், இவன் கையில் இருந்தது பிரசுரம், மண்வெட்டி இல்லை என்று சொல்லியிருந்தால் மாயாண்டியின் பொய் அங்கேயே உடைந்திருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் வேலை போகும். கணக்கைத் தீர்த்து, வேலை நீக்கிய பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து லயக் காம்பராவை விட்டு இறக்கிவிடுவார்கள். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். அருளப்பனும் என் பெயரைச் சொல்லவில்லை. கூண்டில் நின்றபடி என்னை ஒருமுறை பார்த்தான். நான் என் காலைப் பார்த்தேன்.

மாயாண்டி பொய் சொன்னார். நான் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டில் எது சிறியது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். அந்த விலக்கை நான் போட்டது அருளப்பனுக்காக இல்லை. என் நெஞ்சில் கிடந்த பாரத்தை மாயாண்டி தலையில் ஏற்றிவைத்து, நான் லேசாக நடக்கப் பார்த்தேன்.

போன வருஷம், அவர் நெஞ்சுவலி என்று படுத்திருந்தபோது, போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வருஷம் கழித்துச் சொன்னேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார்.

"தெரியும் தம்பி. ஜெயில்ல இருந்து வந்த அன்னைக்கே அருளு சொல்லிட்டான்" என்றார்.

ஆக, மாயாண்டிக்கு நெருப்புக் கொடுக்காதீர்கள் என்று நான் வந்து நின்றேனே, அன்றைக்கே அவருக்குத் தெரியும். யார் யாருக்குத் தண்டனை என்று கேட்டாரே, தெரிந்துதான் கேட்டார். தெரிந்துகொண்டே ஏழு வருஷம் என் மனைவி கொண்டுபோன தகரத்தில் தணல் போட்டிருக்கிறார். என் கடைசிப் பிள்ளையை இந்த ஏணையில் ஆட்டியிருக்கிறார்.

"ஏங்க்கா என்னைய ஒரு வார்த்த கேக்கல?" என்றேன்.

"அதுவும் அவரு நெரைதான்" என்றார். பிறகு, "நீயா வந்து சொல்லுவேன்னு எதிர்பாத்தேன். சொல்லிட்டே. போய்ச் சாப்புடு" என்றார்.

இதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும் அல்லவா? கேளுங்கள். எட்டு நாட்களுக்கு முன்பு கல்லறையில் எல்லோரும் ஒரு கைப்பிடி மண் போட்டோம். மாயாண்டி வந்தார். தடியை ஊன்றி, அந்த ஏற்றத்தில் ஏறி, கையில் மண்ணோடு வந்தார். நான் குழிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். நின்றேன், அவ்வளவுதான். அவர் மண்ணைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். இருபது பேர் பார்த்தீர்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, தலைவர் செய்தால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டீர்கள். அது சரி இல்லை. தலைவன் செய்தது அயோக்கியத்தனம்.

அன்றிலிருந்து இந்த அடுப்பைப் புது ஆயா சண்முகவடிவு பார்த்துக்கொள்கிறார். நேற்று என்னிடம் வந்து, "தலைவரே, தெனமும் விடியமுன்ன யாரோ ஒரு கட்டு மிளாறு கொண்டாந்து வச்சிட்டுப் போறாங்க. இங்க ஒரு டின்னு வேற கவுந்து கெடக்கு. இது யாருதுங்க?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. வழக்கு மன்றத்தில் மூடிய வாயை மறுபடியும் மூடிக்கொண்டேன்.

எட்டு நாளாக விறகு வந்துகொண்டிருக்கிறது. தணல் போகவில்லை. இதைவிட வெட்கக்கேடு நமக்கு உண்டா?

சலேத்தம்மாளுக்குச் சிலை வைக்கலாம், படம் மாட்டலாம் என்று முத்துலிங்கம் அவர்கள் யோசனை சொன்னார்கள். படம் மாட்டுவோம். ஆனால் அந்த அம்மையார் செய்த வேலையை யார் செய்வது? பால் காய்ச்சச் சண்முகவடிவு இருக்கிறார். பிள்ளைகளைத் தூக்கவும் ஆட்டவும் கைகள் இருக்கின்றன. அந்த இன்னொரு வேலையைச் செய்ய ஆள் இல்லை. அதற்குத் துரை ஆள் போட மாட்டார், ஆபிஸில் அதற்குப் பெயர் பதிய மாட்டார்கள். நானே பெயர் கொடுக்கிறேன். இனி அந்த நிரை என்னுடையது. மாயாண்டியை என்ன செய்வது, என்னை என்ன செய்வது என்பதை அதற்கு உரியவரிடம் விட்டுவிட்டேன். சர்வேசுரன் என்று சொல்கிறவர்கள் அப்படிச் சொல்லுங்கள், நான் மாரியாத்தா என்று சொல்லிக்கொள்கிறேன். எப்படிச் சொன்னாலும் அது என் கையில் இல்லை. அருளப்பன் வழக்கில் உண்மை எதுவோ, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்துலிங்கம் அவர்களிடம் இன்று காலையே கொடுத்துவிட்டேன். அதற்காக எனக்குப் பற்றுச்சீட்டு வந்தால் வரட்டும். எட்டு வருஷம் தாமதம் என்று அருளு மட்டும் கோபித்துக்கொள்வான்.

இதோ அந்த டின். மேசைக்கடியில் வைத்திருந்தேன். கம்பிப் பிடி கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது, அடி நன்றாக இருக்கிறது. அடுப்பில் தணல் இருக்கிறது. சாம்பல் போட்டு மூடும் பக்குவத்தைச் சண்முகவடிவு எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நேற்று பழகிப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன். பரவாயில்லை, பழகிவிடும்.

நான் பேசத் தொடங்கும்போது தாவாரத்தில் நிற்பவர்களுக்கும் வணக்கம் சொன்னேன். அங்கே, தூணுக்கு அந்தப் பக்கம், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒருவர் ஆரம்பம் முதல் நிற்கிறார். மழைச் சாரல் முழுக்க அவர் மேல்தான் அடிக்கிறது. கங்காணி அண்ணே, உள்ள வாங்க. யாராவது கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் கொடுங்கள். மீனம்மா, அந்தச் சாக்கை வாங்கி அடுப்புப் பக்கம் காயப் போடு.

கூட்டம் முடிந்ததும் நாம் எல்லோரும் கல்லறைக்குப் போகிறோம். கங்காணி அண்ணன் போட வேண்டிய ஒரு பிடி மண் பாக்கி இருக்கிறது. மழை விடாது, நனைந்துகொண்டே போவோம். திரும்பி வந்து வேலாயி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அண்ணே. நாளைக் காலையில் பெரட்டுக்கு முன்னால் வீரய்யா தணல் கொண்டு வருவான், கதவைச் சாத்தி வைக்க வேண்டாம் என்று.